திண்மத்தினுள் மந்த அயன்

ஈலிய அணு தன் இரு இலத்திரன்களையும் இழந்து நிற்பதே அல்பாத் துணிக்கை. பொருளினூடு செல்லுங்கால் அதன் ஏற்றம் இறுதிவரை மாறாதென்றே முன்னர்க் கருதப்பட்டது. 1922 இல் ஹென்டர்சன் அதற்கு மாறான சான்று கண்டார். 1924 இல் இரதபோட்டு அதனை விரிவாக ஆராய்ந்தார். மைக்காத் தகடுகளால் வேகங்குறைந்த கதிரை வெற்றிடத்திற் காந்தப்புலத்தினுட் செலுத்தியபோது, இரட்டை ஏற்றமுடையவற்றோடு ஒற்றை ஏற்றமுடையனவும் தனியே பிரிந்து விழுந்தன. ஒரே துணிக்கை வழியிற் பன்னூறு தடவை இலத்திரனைக் கவர்ந்தும் இழந்தும் செல்கின்றது.

இதன் அளவுகோலை நீல்சு போர் வகுத்தார். ஐதரசன் அணுவின் இலத்திரனுக்குரிய வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2200 கிலோமீற்றர். புரோத்தன் ஒன்று இவ்வேகத்தைப் பெற ஏறத்தாழ 25,000 இலத்திரன் உவோற்றுச் சத்தி வேண்டும். அயன், தன் இலத்திரன்களுள் தன்னினும் மெதுவாய்ச் சுற்றுவனவற்றையே பெரும்பாலும் இழக்கும். ஆதலின் மந்த அயன் அவற்றைப் பற்றிக்கொள்ளும். உலோகத்தினுள்ளோ கட்டற்ற இலத்திரன்கள் அதனைச் சூழ்ந்து மறைக்கின்றன. அங்கு அதன் ஏற்றம் யாதென வினவுதலே ஐயத்துக்குரியது. வெளியே அளப்பது மேற்பரப்பை விட்டகன்ற நிலையை மட்டுமே. பாடநூற் சமன்பாட்டில் ஏற்றம் மாறா எண்ணாக நிற்பது கணக்கின் வசதிக்கே.

விரைந்த அயன் வேகங்குறையக் குறைய மிகுதியாகச் சத்தியை இழக்கும். மந்த அயனிலோ இது தலைகீழாகும்: இலத்திரன்களிடம் அது இழக்குஞ் சத்தி வேகத்துக்கு நேர்விகிதமானதென 1947 இல் பெர்மியும் தெல்லரும் காட்டினர். வேகம் மேலுங் குன்றின், பாரமான அயன் அணுக்களையே மோதி இடம்பெயர்க்கும். சிலிக்கன் பளிங்கிற் போரன் அயன்களைப் பதித்தபின் அதனைச் சூடாக்குவது இச்சிதைவைச் சீர்ப்படுத்தவும், போரன் அணுக்களைப் பளிங்கின் ஒழுங்கான இடங்களில் அமர்த்தவுமே.