சிறிய மாடு, பெரிய பயன்

ஒரு மாட்டின் தரத்தை எதைக் கொண்டு அளவிடுகின்றோம்? அதன் பருமனைக் கொண்டா, அல்லது அது வாழும் நிலத்தில் தரும் பயனைக் கொண்டா? தென்னாபிரிக்காவின் நுகூனி மாட்டின் கதை இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

சூலு, கோசா, சுவாசி முதலிய மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது தம்முடன் ஓட்டிவந்த மாடு இது. பசுவின் நிறை ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ மட்டுமே.

இச்சிறிய உருவமே அதற்கு வினையாயிற்று. 1934 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் உள்ளூர் மாடுகளைத் தரங்குறைந்தவையாகக் கருதியது. பொது மேய்ச்சல் நிலங்களிலுள்ள காளைகளைப் பார்வையிட்டு, தரமற்றவை எனக் கண்டால் நலமடிக்க அதிகாரிகளுக்கு உரிமை வழங்கப்பட்டது. மக்களின் கடும் எதிர்ப்பினால் அச்சட்டம் சில ஆண்டுகளே நடைமுறையில் இருந்தது. ஆயினும், பெரிய ஐரோப்பிய மாடே நல்ல மாடு என்ற எண்ணம் நீடித்தது.

உண்மை என்ன? சிறிய உடலைப் பேணக் குறைந்த தீனி போதும். புல் காய்ந்தால் நுகூனி செடிகொடிகளின் இலைகளையும் கடித்துண்ணும். உண்ணிகளை எதிர்க்கும் தன்மை இருப்பதால் மருந்துச் செலவு குறைகின்றது. கன்று சிறிதாகப் பிறப்பதால் ஈனுவதும் எளிது. பெரிய இன மாடு ஒன்றிடம் கூடுதல் இறைச்சி கிடைக்கும் என்பது மெய்யே. ஆனால் அதே நிலத்தில் கூடுதலான நுகூனிகள் மேயலாம். எனவே தலைக்கணக்கை விட்டு நிலக்கணக்கைப் பார்க்க வேண்டும். குறை இல்லாமலில்லை: தீனி போட்டுக் கொழுக்கவைக்கும் பெரும் பண்ணையாளர் இதன் சிறு கன்றுகளுக்குக் குறைந்த விலையே கொடுக்கின்றனர்.

1980களில் நுகூனி தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. 1998 இல் போட் ஹெயார் பல்கலைக்கழகம் கிழக்கு கேப் மாகாணத்துக் கிராமங்களுக்கு இம்மாட்டை மீண்டும் கொண்டுசெல்லும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கிராமத்துக்குச் சினைப்பட்ட நாகுகள் 10, காளைகள் 2 கடனாக வழங்கப்படும். ஐந்து ஆண்டுகளின் பின் அதே எண்ணிக்கையைக் கிராமத்தவர் திருப்பிக் கொடுப்பர். அவை அடுத்த கிராமத்துக்குச் செல்லும். பெற்றவரே கொடுப்பவராகவும் மாறுகின்றார்.

மக்கள் பல தலைமுறையாகப் பேணியதை மாற்றமுன்னர், அதை அவர்கள் ஏன் பேணினர் என்று கேட்போம். அபிவிருத்தியின் முதற்படி அதுவே.