பிஸ்கட் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்கு!



"மெக்கானிக்கல் படிச்சவனுக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில என்ன வேலை?" என்று நம் கேண்டீனில் கிண்டலடிப்பது உண்டு. 1993-ல் அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவராக லூயிஸ் கெர்ஸ்ட்னர் பொறுப்பேற்றார். அதற்கு முன் அவர் பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவின் தலைவர். அதற்கும் முன் அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் கிரெடிட் கார்டு வியாபாரம். "இவருக்கு கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. கல்லூரியில் அவர் படித்தது பொறியியல் என்பது பலருக்கு ஞாபகம் இல்லை!

ஐ.பி.எம். அப்போது எப்படி இருந்தது? 1992-ல் மட்டும் ஏறக்குறைய 500 கோடி டாலர் நஷ்டம். அறை முழுக்க நிற்கும் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்தான் அதன் உயிர்நாடி. ஒரு பக்கம் பெர்சனல் கம்ப்யூட்டர்கள் வளர்ந்துவிட்டன. இன்னொரு பக்கம் ஹிட்டாச்சி, ஆம்டால் போன்ற போட்டியாளர்கள் அதே வேலை செய்யும் மெயின்ஃப்ரேமை மலிவாக விற்றார்கள். கம்பெனியைப் பல துண்டுகளாகப் பிரித்துவிடும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது.

கெர்ஸ்ட்னர் முதலில் அந்தப் பிரிவினையை நிறுத்தினார். காரணம், அவரே பல வருஷம் கம்ப்யூட்டர் வாங்கியவர். பத்து கம்பெனிச் சரக்கை வாங்கி ஒன்றோடொன்று பொருத்துவது எவ்வளவு தலைவலி என்பது வாங்கியவருக்குத்தானே தெரியும்! 'எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்தித் தர ஒருவன் வேண்டும்' என்பதே அவர் கணக்கு. பின்னாளில் ஐ.பி.எம்.மின் சேவைத் தொழில் வளர்ந்தது இந்த வழியில்தான்.

அடுத்து, மெயின்ஃப்ரேம் விலையைத் தடாலடியாகக் குறைத்தார். விலை குறைந்தால் லாபம் எங்கிருந்து வரும்? இங்கேதான் நம் எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். பழைய இயந்திரங்களில் இருந்தது பைபோலார் சில்லு. வேகம் உண்டு, ஆனால் கரண்டை நிறையக் குடிக்கும், சூடும் அதிகம். பெரிய இயந்திரங்களைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர வைக்க வேண்டியிருந்தது. சி-மாஸ் சில்லுக்கு மின்சாரமும் குறைவு, செலவும் குறைவு. இந்த ஆராய்ச்சி அவர் வருவதற்கு முன்பே கம்பெனிக்குள் நடந்துகொண்டிருந்தது. பணமுடையிலும் அதற்கு மட்டும் அவர் கை வைக்கவில்லை. 1994-லேயே சி-மாஸ் மெயின்ஃப்ரேம்கள் வெளிவந்தன. அதாவது, தீர்வைக் கண்டுபிடித்தவர்கள் உள்ளே இருந்த பொறியாளர்கள். அதை அடையாளம் கண்டவர் வெளியிலிருந்து வந்தவர்.

1993-ல் 810 கோடி டாலர் நஷ்டம். 1994-ல் ஏறக்குறைய 300 கோடி டாலர் லாபம்! 2002-ல் அவர் பதவியை ஒப்படைத்தபோது கம்பெனி உடையாமல் நின்றது. ஆனால் தொட்டதெல்லாம் துலங்கியது என்று சொல்ல முடியாது. விண்டோஸை எதிர்த்த ஓ.எஸ்./2 தோற்றுத்தான் போனது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1993 ஜூலையில் மேலும் 35,000 பேரைக் குறைக்கப் போவதாக அவர் அறிவித்தார். ஐ.பி.எம்.மில் சேர்ந்தால் ஆயுசுக்கும் வேலை என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். நஷ்டத்துக்குக் காரணமான முடிவுகளை எடுத்தவர்கள் ஒரு சிலர். வேலையை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கம்பெனி பிழைத்த கதையைப் படிக்கும்போது அந்த வீடுகளையும் நினைக்க வேண்டாமா?

நண்பர்களே, நாளை நாமும் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் நிற்கப் போகிறோம். கம்பெனியின் பெயர் நம்மைக் கடைசிவரை காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. கையில் உள்ள தொழிலும், அதை உபயோகிப்பவரின் கஷ்டம் என்ன என்று கேட்கிற மனசும் இருந்தால், எந்த வாசலிலும் தைரியமாக நிற்கலாம்!