அன்று கூலிக்கு வாள், இன்று கதைக்கு வாள்

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் நகரமன்றத்தின் முன்னால் ஒரு நீரூற்று இருக்கிறது. அதன் தூணின் உச்சியில் புனித ஜார்ஜ் டிராகனை வதைத்துக்கொண்டிருக்கிறார். ஹான்ஸ் கைலர் என்ற சிற்பி 1525 வாக்கில் செதுக்கியது. சுற்றுலாப் பயணிக்கு இன்று அது ஒரு படம். அன்றைக்கு வாள் இந்த ஊருக்குச் சோறு போட்ட தொழில்.

1515இல் மரிஞ்ஞானோ போர்க்களத்தில் சுவிஸ் வீரர்கள் பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவாவிடம் தோற்றார்கள். மறு ஆண்டு நவம்பர் 29 அன்று இதே ஃப்ரிபூர்கில் 'நிரந்தர அமைதி' ஒப்பந்தம் கையெழுத்தானது. 1521இல் கூட்டணியும் ஏற்பட்டது. அதன்பின் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் மலைக்கிராமத்துப் பையன்கள் பிரெஞ்சுப் படைக்குக் கூலிவீரர்களாகப் போனார்கள். ஆண்களோடு ஆண்களாய் வருஷக்கணக்கில் பாசறை வாழ்க்கை. ஒருவன் முதுகை இன்னொருவன் காக்க வேண்டிய பிழைப்பு. அங்கே காதல் முளைத்திருந்தாலும் அதை யாரும் எழுதி வைக்க முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு ஓர் ஓவியமே சாட்சி. 1481 டிசம்பரில் ஃப்ரிபூர்க் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. அடுத்த செப்டம்பரில் அதே கூட்டமைப்பைச் சேர்ந்த சூரிக் நகரில், ரிச்சர்ட் புல்லர் ஃபான் ஹோஹென்பூர்க் என்ற பிரபுவையும் அவருடைய பணியாள் ஒருவரையும் ஆண்புணர்ச்சிக் குற்றம் சாட்டி உயிரோடு கொளுத்தினார்கள். பெர்ன் நகரத்து டீபோல்ட் ஷில்லிங்கின் வரலாற்றுச் சுவடியில் அந்தக் காட்சி வண்ணத்தில் இருக்கிறது: கட்டப்பட்ட இருவர், மூண்டெழும் தீ. சுவிஸ் நாட்டில் ஒரு வீரனும் அவன் தோழனும் சேர்ந்து இடம்பெற்ற பழைய 'கதை'களில் ஒன்று இது. அதன் முடிவும் இதுதான்.

அதனால் வாள் ஏந்திய இருவரின் அன்புக்குக் கதைகள் வேறு வேஷம் கட்டின. விசுவாசம் என்றன, சகோதர பாசம் என்றன. நம்மிடமும் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் உண்டு. நேரில் பாராமலே நட்புக்கொண்டு, ஒருவர் வடக்கிருந்தபோது மற்றவரும் வந்து கூட இருந்து உயிர்விட்டார். அதை நட்பின் உச்சம் என்று பாடம் நடத்தினோம், அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. கல்கி, சாண்டில்யன் காட்டிய வழியில் வாளேந்தியவனுக்குக் காதலி ஒருத்தி இருப்பாள். கூடவே குதிரையில் வருகிறவன் நண்பன்தான்.

சுவிஸில் சட்டம் மெல்ல இறங்கி வந்தது. 1942இல் நாடு முழுவதற்குமான குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, வயதுவந்த ஆண்கள் மனமொப்பிச் சேர்வது குற்றமில்லை என்றானது. சூரிக்கில் இருந்து 'டெர் க்ரைஸ்' என்ற இதழ் 1967 வரை வெளிவந்தது. அதில் ஆண்களின் காதல் கதைகள் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும், பிறகு ஆங்கிலத்திலும் அச்சேறித் தபாலில் சந்தாதாரர்களுக்குப் போயின.

வாளும் காதலும் ஒரே அட்டைக்குள் ஒளிவுமறைவில்லாமல் சேர்ந்த நாவல்களில் முக்கியமானது எலன் குஷ்னர் 1987இல் எழுதிய 'ஸ்வார்ட்ஸ்பாயிண்ட்'. அதில் பிரபுக்கள் தங்கள் சண்டையைத் தாங்களே போடுவதில்லை, கூலிக்கு வாள்வீரனை அமர்த்துகிறார்கள். ஒப்பந்தம் சரியாக இருந்தால் கொலை கொலையாகாது. ரிச்சர்ட் செயின்ட் வியர் என்ற அந்த வாள்வீரன், படிப்பை விட்டுவிட்டு வந்த அலெக்கோடு ஆற்றங்கரைச் சேரியில் வாழ்கிறான். அலெக் சாராயக்கடையில் வேண்டுமென்றே வம்பிழுப்பான். அடுத்த கணம் ரிச்சர்டின் வாள் உருவப்படும் என்று அவனுக்குத் தெரியும். மேட்டில் பல்கலைக்கழகம், பள்ளத்தில் சாரின் ஆற்றோரம் ஏழைகள் குடியிருந்த கீழ்நகர் என்று அமைந்த ஃப்ரிபூர்க்வாசிக்கு நாவலின் நகரம் அந்நியமாகப் படாது. அதன் பிரபுக்கள் சூழ்ச்சி செய்வார்கள், ஆள் வைத்துக் கொல்வார்கள். ஆனால் இருவரும் ஆண்கள் என்பது அங்கே யாருக்கும் செய்தியில்லை. மந்திர தந்திரம் இல்லாத நாவல் அது. அதிலுள்ள பெரிய கற்பனை அந்த அலட்சியம்தான்.

இன்று அந்தக் கற்பனை பாதி நிஜமாகிவிட்டது. கத்தோலிக்கக் கோட்டை எனப்பட்ட ஃப்ரிபூர்கில் 2013இல் பிரைடு ஊர்வலம் நடந்தது. 2021 செப்டம்பர் 26 அன்று நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பில் 64.1 சதவீதம் பேர் ஒருபாலினத் திருமணத்தை ஆதரித்தார்கள். எல்லா மாநிலங்களிலும் பெரும்பான்மை. 2022 ஜூலை 1 முதல் அது சட்டம். வாளின் கதை நேர்மாறு. 1859இல் சுவிஸ் அரசு அயல்நாட்டுக் கூலிப்படைச் சேவைக்குத் தடை போட்டது. விலக்கு போப்பின் காவற்படைக்கு மட்டும். இன்று ஒரு ஃப்ரிபூர்க் இளைஞன் வேலை நிமித்தம் வாளேந்த விரும்பினால் வத்திக்கானுக்குத்தான் போக வேண்டும். போகிறவன் கத்தோலிக்கனாக, திருமணமாகாதவனாக இருக்க வேண்டும். நிஜ வாள் மிஞ்சிய அந்த ஓரிடத்தில், இந்தக் காதலுக்குத் திருமணம் கிடையாது.

சீனத்திலோ எழுத்து ஒரு பக்கம், திரை இன்னொரு பக்கம். மோ சியாங் டோங் சியு என்ற எழுத்தாளரின் நாவலில் வாளேந்திய இரண்டு ஆண்கள் காதலர்கள். 2019இல் அது 'தி அன்டேம்ட்' தொடரானபோது, தணிக்கைக்காக அந்தக் காதல் ஆருயிர் நட்பானது. பார்த்தவர்களுக்கு எல்லாம் புரிந்தது. பிசிராந்தையாரைப் படித்த நமக்கும் புரியும்.

சட்டம் வழிவிட்ட பிறகு இந்த வகைக் கதை ஏன் ஓயவில்லை? முன்பு அதன் பதற்றம் 'பிடிபடுவார்களா' என்பது. இப்போது 'இவன் கையில் வாள் இருக்கும்போது நான் கழுத்தைக் காட்டலாமா' என்பது. முதல் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லிவிடும். இரண்டாவதைக் கதைதான் கேட்க முடியும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018இல், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது, 2023இல் திருமண உரிமையைத் தர மறுத்தது. ஆக நம் சரித்திர நாவலாசிரியருக்கு இரண்டு கேள்விகளும் ஒருசேரக் காத்திருக்கின்றன. சுவிஸ்காரர் தாண்டிப்போன பதற்றம் நமக்கு இன்னும் கைவசம் இருக்கிறது. எழுதுகிறவருக்கு அது மூலதனம்தான்.