நீரில் கலந்தது எவர் கழிவு?

ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பினால், அந்நீர் கொசத்தலையாற்றில் இறங்கிப் பள்ளிப்பட்டைக் கடந்து, பூண்டி நீர்த்தேக்கம் வழியாகச் சென்னைக்கும் குடிநீராகிறது. இடையில் மலம் கலந்தால் நோயுறுவோர் இரு கரையினர் மட்டுமல்லர்.

ஈ.கோலை பாக்டீரியா நீரில் காணப்பட்டால் மலம் கலந்துள்ளது என அறிகிறோம். ஆனால், அது மனிதர், மாடு, கோழி ஆகிய அனைத்தின் குடலிலும் வாழ்வது. உடைந்த கழிவுநீர்க் குழாயைச் செப்பனிடுவதா, கரையோரத் தொழுவத்தை அகற்றுவதா? பாக்டீரியாவின் எண்ணிக்கை இதற்கு விடை கூறாது. தொழுவத்தை அகற்றிய பின்னும் வயிற்றுப்போக்கு தொடர்ந்தால், மாடு வளர்த்தவர் வீணே பழி சுமந்தவராவார்.

இங்கு டி.என்.ஏ. துணைபுரிகிறது. குடலில் வாழும் பாக்டீராய்டு வகை நுண்ணுயிர்களுள் சில மனிதரையும், சில அசைபோடும் விலங்குகளையும் பெரிதும் சார்ந்தவை. நீரை நுண்துளைத் தாளில் வடிகட்டி, அதில் தங்கும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பர். பாலிமரேஸ் சங்கிலி வினையில், தேடப்படும் துண்டு சுற்றுதோறும் இரட்டிக்கும். 30 சுற்றுகளில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். மிகச் சிறிதளவு கழிவும் இதனால் புலப்படும்.

மனிதக் கழிவுக்கான இத்தகைய அடையாளத்தை 2000ஆம் ஆண்டில் பெர்னார்டு, ஃபீல்டு என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அயல்நாட்டில் வகுத்த அடையாளம் நம் ஊர்க் கால்நடைகளிடையே பிழைபடலாம். எனவே ஒடிசாவில், மனித மலத்திலும் கால்நடைச் சாணத்திலும் இச்சோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்துவனவற்றையே தேர்ந்தனர். கொசத்தலையாற்றிலும் இத்தகைய ஆய்வைத் தொடங்குவோர், ஆற்று நீரை முகக்குமுன் பள்ளிப்பட்டுத் தொழுவங்களின் சாணத்தையும் வீட்டுக் கழிவுநீரையும் சேகரிக்க வேண்டியிருக்கும்.