கர்தினாலும் பிக்குமாரும் ஒத்துப்போகும் இடம்

பரந்தன் சந்தியில் ஏறிய இரண்டு பேர் எனக்கு முன் இருக்கையில் வந்து இருந்தார்கள். ஒருவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் காய்ந்துபோன விபூதி, மடியில் துணிப்பை. மற்றவர் நாற்பதுகளில் இருப்பவர். அவர் கையிலிருந்த போனில் யாரோ செய்தி வாசிக்க, மினிபஸ் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. 2025 செப்டெம்பர் மாதக் கடைசி. தன்பாலீர்ப்புள்ள சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் திட்டமொன்றுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஆதரவுக் கடிதம் கொடுத்த செய்தி அது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அதைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். பௌத்த தரப்பிலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியிருந்தது.

“அண்ணை, கர்தினாலும் பிக்குமாரும் ஒண்டாச் சொல்லினம்” என்றார் இளையவர்.

“அப்ப அது சரியாத்தான் இருக்கும்” என்றார் பெரியவர். கொஞ்சம் பொறுத்து, தனக்கே சந்தேகம் வந்தவர் போல, “இல்லாட்டி முழுப் பிழையா இருக்கும்” என்றார்.

உமையாள்புரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்துவிடும். ஆனையிறவு. 2000 ஏப்ரலில் புலிகள் பிடித்த இடம், 2009 சனவரியில் இராணுவம் திரும்பப் பிடித்த இடம். அந்த வீதியில் இராணுவத்தின் நினைவுத்தூபியும் நிற்கிறது, நடராசர் சிலையும் நிற்கிறது. ஒன்றைப் பார்க்க வருகிறவர் மற்றதன் முன் பெரும்பாலும் வாகனத்தை நிறுத்துவதில்லை. உப்பளத் தொழிற்சாலையை 2025 மார்ச்சில் திறந்தபோது, பைக்கற்றில் ‘ரஜ லுணு’ என்று சிங்களப் பெயர் போட்டதற்கே வடக்கு கொதித்தது. பிறகு அது ‘ஆனையிறவு உப்பு’ ஆனது. உப்புப் பைக்கற்றின் பெயரில்கூட உடன்பட முடியாத நாடு இது. இங்கே சமயத் தலைவர்கள் சுருதி பிசகாமல் ஒரே குரலில் பேசும் விடயம் ஒன்று இருக்கிறதென்றால், அதைக் கிட்டப் போய்த்தான் பார்க்கவேண்டும்.

செய்தி சுற்றுலாவைப் பற்றியது என்றாலும், அந்தத் தலைவர்கள் எதிர்ப்பதாகச் சொல்வது தன்பாலினத் திருமணத்தை. இலங்கையில் அதைச் சட்டமாக்கும்படி பாராளுமன்றத்தில் எந்தச் சட்டமூலமும் இருக்கவில்லை. கேட்கப்பட்டது அதைவிட மிகச் சிறியது: எங்களைச் சிறையில் போடாதீர்கள் என்பது மட்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கை முறைக்கு மாறான’ உடலுறவுக்குப் பத்து ஆண்டுவரை சிறை என்கிறது. 365அ பிரிவு ‘பாரதூரமான அநாகரிகச் செயல்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுவரை என்கிறது. இந்தக் கோவை 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்தது, மெக்காலேயின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. 365அ முதலில் ஆண்களைப் பற்றியே பேசியது. 1995இல் கோவையைத் திருத்தியவர்கள் ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று போட்டார்கள். பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். ஆண் பெண் சமத்துவத்தை இந்த வழியாகவும் கொண்டுவரலாம் என்று காட்டிய நாடு உலகில் அதிகம் இருக்காது.

இந்த இரண்டு பிரிவுகளையும் மாற்றப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த 2022இல் தனிநபர் சட்டமூலம் ஒன்றைத் தயாரித்தார். ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுனவைச் சேர்ந்தவர் அவர். மேற்கத்தேய முகவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. 2023 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. உடனே அதற்கெதிராக உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின. மே மாதம் சபாநாயகர் தீர்ப்பைச் சபையில் வாசித்தார்: சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல, சாதாரண பெரும்பான்மை போதும். ஆனாலும் அது வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் கூடவே போய்விட்டது. அந்தச் சட்டமூலத்தில் திருமணம் என்ற பேச்சே இல்லை. ஆனால் மேடைகளில் கேட்டது முழுக்கத் திருமணம்தான். ‘நாளைக்கு ஆணும் ஆணும் தாலி கட்டுவார்கள்’ என்று சொல்வது சுலபம், சபை சிரிக்கும். ‘இரண்டு பேரைச் சிறையில் போடும் சட்டத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறேன்’ என்று ஒரு சமயத் தலைவர் ஒலிவாங்கியில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

சிறை என்பது வெறும் எழுத்து, யாரையும் பிடிப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். 2022 யூனில் தமிழ்நாட்டிலிருந்து ஓர் இளம்பெண் தன் தோழியைத் தேடி அக்கரைப்பற்றுக்கு வந்தார். வீட்டார் பொலிசுக்குப் போனார்கள். விடயம் நீதவான் முன் போய், இருவரையும் மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப உத்தரவானது. வயதுவந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ விரும்பினால் முதலில் மூளையைச் சோதிக்கவேண்டும் என்ற துணிச்சல் எங்கிருந்து வருகிறது? அந்த ‘வெறும் எழுத்தில்’ இருந்துதான். அதே 2022இன் தொடக்கத்தில், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பின் ரோசன்னா ஃபிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், பெண்களைக் குற்றவாளியாக்கும் இந்தப் பிரிவு உரிமை மீறல் என்று ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்ச ஒழிப்புக் குழு இலங்கைக்குச் சொல்லியிருந்தது.

அரசியல்வாதிகளுக்கு இந்த எதிர்ப்பு நல்ல கைத்தடி. 2018 ஒக்டோபரில் பிரதமர் ரணிலைப் பதவி நீக்கிய அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் ரணிலையும் அவரைச் சூழ்ந்தவர்களையும் ‘வண்ணத்துப்பூச்சிகள்’ என்று கேலி செய்தார். சிங்களத்தில் அது தன்பாலீர்ப்பாளர் மீதான ஒரு வசைச்சொல். அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பது மேல் என்று மங்கள சமரவீர பதில் கொடுத்தார். தன் தன்பாலீர்ப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய அமைச்சர் அவர் ஒருவர்தான். 2021இல் கொரோனாவில் இறந்தார். தமிழ்த் தலைவர்கள் பக்கம் வந்தால் பெரும்பாலும் வசையும் இல்லை, ஆதரவும் இல்லை. அந்த மௌனத்தையும் நான் எதிர்ப்புக் கணக்கில்தான் எழுதுவேன்.

இனி ஒவ்வொரு சமயமாக. கத்தோலிக்கத் திருமணம் ஓர் அருட்சாதனம், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்பது திருச்சபையின் போதனை. அதைச் சொல்லக் கர்தினாலுக்கு முழு உரிமை உண்டு. எந்தக் கோயிலும் தன் பீடத்தில் யாருக்குக் கலியாணம் செய்துவைப்பது என்பதைத் தானே தீர்மானிக்கலாம். ஆனால் அதே திருச்சபையின் அப்போதைய தலைவர் பாப்பரசர் பிரான்சிஸ், 2023 சனவரியில் ஏபி செய்தி நிறுவனத்துக்குக் கொடுத்த செவ்வியில், தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றம் அல்ல, அதைக் குற்றமாக்கும் சட்டங்கள் அநீதியானவை என்று சொன்னார். பாவம் வேறு, குற்றம் வேறு என்ற பிரிப்பையும் அதே செவ்வியில் வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில், திருமணச் சடங்குபோலத் தோன்றாத வகையில் தன்பாலினத் துணைகளைக் குருவானவர் ஆசீர்வதிக்கலாம் என்று வத்திக்கான் ஆவணம் வெளியிட்டது. ஆபிரிக்க ஆயர்கள் அதை மறுத்தது தனிக் கதை. உரோமாபுரி பிரித்துப் பேசுகிற இரண்டு விடயங்களை எங்கள் ஊர்ப் பிரசங்கங்கள் ஏன் ஒன்றாய்க் கட்டுகின்றன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிக்குமாரின் எதிர்ப்பு இன்னும் விசித்திரமானது. தேரவாத பௌத்தத்தில் திருமணம் ஒரு சமயச் சடங்கே அல்ல. பிக்கு தாலி எடுத்துக் கொடுப்பதில்லை, பிரித் ஓதி ஆசி சொல்வதோடு சரி. இதே தேரவாதத்தைப் பின்பற்றும் தாய்லாந்தில் 2025 சனவரியில் திருமணச் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்து, முதல்நாளே நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று பதிவு செய்தார்கள். அங்கே புத்த சாசனம் இடிந்து விழுந்ததாகத் தகவல் இல்லை.

இந்தியாவிலும் இதே கூட்டணிதான். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தன்பாலினத் திருமண வழக்கு நடந்தபோது, திருமணம் என்பது ஆணும் பெண்ணும் சேரும் சம்ஸ்காரம் என்றார் ஆர்.எஸ்.எஸ். பொதுச் செயலாளர் தத்தாத்ரேய ஹொசபாளே. ஜமியத் உலமாயே ஹிந்த் எதிர்த்து மனுப் போட்டது. இந்த இரண்டு அமைப்புகளும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். அந்த ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி, திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள்.

சைவம் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகப் பேசவேண்டும், பெரியவரின் நெற்றியில் இருந்தது அதுதானே. சைவத்துக்கு ஒரு கர்தினாலோ மகாநாயக்கரோ இல்லை. ஆகவே ‘எங்கட சமயத்தில இது இல்லை’ என்று யாரும் சொல்லலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வன்னியில் குளக்கட்டுக்குக் குளக்கட்டு இருக்கிற சாமி யார்? ஐயனார். மோகினி வடிவெடுத்த திருமாலுக்கும் சிவனுக்கும் பிறந்தவர், அரிகரபுத்திரர். முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் ஆதி ஐயனார் கோயில் இருந்த இடத்துக்காகத்தான் தமிழர் இத்தனை ஆண்டாகத் தொல்பொருள் திணைக்களத்தோடும் பிக்குமாரோடும் மல்லுக்கட்டுகிறார்கள். புராணத்தைச் சட்டப்புத்தகமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மோகினி கதையைக் காட்டி ‘அப்போதே இருந்தது’ என்று வாதாடுவதும் அவ்வளவு நேர்மையானதல்ல, அங்கே திருமால் பெண்ணாகித்தான் வருகிறார். ஆனால் ‘இல்லவே இல்லை’ என்று அடித்துச் சொல்கிறவர், பொங்கலுக்கு உடைத்த தேங்காயை யாருக்குப் படைக்கிறோம் என்று ஒருதரம் நினைத்துப் பார்க்கலாம். மதுரையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் நினைத்துப் பார்த்தார். தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கு. இந்து திருமணச் சட்டம் சொல்லும் ‘மணப்பெண்’ணில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பெழுதினார். 2025 மேயில் அவரும் நீதிபதி வி. இலட்சுமிநாராயணனும் ஒரு படி மேலே போனார்கள். தோழியிடமிருந்து பிரித்து வீட்டில் வைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் வழக்கில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றார்கள்.

வன்னிக்கு இது புதுச் செய்தியா என்ன? 2009க்குப் பிறகு இங்கே தாயும் மகளும் பேத்தியும் மட்டும் உள்ள குடும்பங்கள் உண்டு. புருசனைக் காணாமல் போகக் கொடுத்த இரண்டு சகோதரிகள் ஒரு கூரையின் கீழ் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள் உண்டு. பங்கீட்டு அட்டையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று கிராம சேவகரே யோசித்த நாட்கள் அவை. குடும்பம் என்றால் இன்னது என்று அப்போது எந்தச் சமயத் தலைவரும் வந்து இலக்கணம் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இயக்கச்சி தாண்டும்போது இளையவர் வேறு காணொளிக்குப் போய்விட்டார். பெரியவர் பையைத் துழாவி வெற்றிலை எடுத்தபடி, கனடாவில் இருக்கும் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதலில் சாதகம் பொருந்தவேண்டும் என்றிருந்தாராம். பிறகு எங்கட ஆக்களாய் இருந்தால் போதும் என்றாராம். பிறகு சைவம் வேதம் பார்க்கவில்லை. போன வருசம், வெள்ளைக்காரி என்றாலும் பரவாயில்லை, ஒருத்தியைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டாராம்.

“அவனுக்கு இப்ப முப்பத்தேழு முடிஞ்சுது. ஒரு பெடியனோடதான் ஒரே வீட்டில இருக்கிறான், எட்டு வருசமா. நல்ல பெடியன், எனக்குப் பிரசர் கூடின நேரம் அவன்தான் ரெலிபோன் எடுத்து விசாரிச்சவன். கலியாணத்தைப் பற்றிக் கேட்டா மகன் சிரிக்கிறான்.”

இளையவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பளையில் பெரியவர் இறங்கிக்கொண்டார்.