மச்சத்தில் அரிப்பு: மருத்துவரை நாடுவது எப்போது?

தோலுக்கு நிறமளிக்கும் உயிரணுக்கள் ஓரிடத்தில் திரண்டு நிற்பதே மச்சமாகும். அதில் அரிப்புத் தோன்றியவுடன் புற்றுநோய் எனக் கலங்குவாரும் உளர்; சுண்ணாம்பு தடவியும் நூலால் இறுகக் கட்டியும் அதனைப் போக்க முயல்வாரும் உளர். இரண்டும் தவறு.

தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சித்தூர் வயல்களிலும் உழைப்போருக்கு வியர்வையாலும் ஆடையின் உராய்வாலும் மச்சம் அரிப்பெடுத்தல் கூடும். காரணம் நீங்கின் அரிப்பும் அடங்கும். சில வாரங்கள் கடந்தும் அடங்காவிடின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அரிப்பினும் முக்கியமானது மாற்றம். ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாமை, ஓரம் ஒழுங்கற்றிருத்தல், பல நிறம் கலத்தல், 6 மில்லிமீட்டருக்கு மேற்படுதல், வளர்தல், குருதி கசிதல் ஆகிய குறிகளில் ஒன்று காணினும் தாமதித்தல் ஆகாது.

மெலனோமா என்னும் தோற்புற்று நம் நாட்டினரிடையே அரிது. ஆயினும் தோன்றுங்கால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே தோன்றுகிறது. முள் தைத்த வடு என்றும், அடிபட்ட நகம் என்றும் எண்ணிவிடுவதால் காலம் கடந்துவிடுகிறது. ஜமைக்கா நாட்டு இசைஞர் பாப் மார்லியின் கால்விரலில் 1977இல் இந்நோய் கண்டறியப்பட்டது. பந்தாட்டத்தில் பட்ட காயமென்றே முதலில் கருதப்பட்டது. நோய் பரவி, 1981இல் தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஆதலின் களப்பணியாளர் மக்களைக் காணுங்கால் உள்ளங்காலையும் நகங்களையும் நோக்குதல் நன்று. ஆசிரியர் இச்செய்தியை மாணவர் வாயிலாக இல்லந்தோறும் சேர்ப்பிக்கலாம். ஐயமெழின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடனே அனுப்புதல் வேண்டும். தொடக்கத்திலேயே அறுத்தகற்றப்படின் இந்நோய் பெரும்பாலும் குணமாகக் கூடியதே.