500 டாலர் கார், 65,000 டாலர் வேலை

1956இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜே. பி. நெதர்கட் என்ற அழகுசாதனத் தொழிலதிபர் இரண்டு பழைய கார்களை வாங்கினார். ஒன்று 1936ஆம் ஆண்டு டியூசன்பர்க். விலை 5,000 டாலர். மற்றொன்று 1930ஆம் ஆண்டு டூபான்ட் டவுன் கார். அது வெறும் 500 டாலர்தான். டவுன் கார் என்றால் டிரைவர் கூரையில்லாத முன்சீட்டில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து ஓட்ட, முதலாளி பின்னால் மூடிய அறைக்குள் சொகுசாகப் போகும் வண்டி. கொஞ்சம் டிங்கரிங், கொஞ்சம் பெயின்ட், சில வாரத்தில் ரோட்டில் இறக்கிவிடலாம் என்று நெதர்கட் கணக்குப் போட்டார். வேலை முடியப் பதினெட்டு மாதம் பிடித்தது. செலவு 65,000 டாலரைத் தாண்டியது.

1958இல் அந்த டூபான்ட், கலிஃபோர்னியாக் கடற்கரையில் பெபிள் பீச் என்ற இடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கார் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அதோடு அவர் நின்றிருந்தால் குடும்பத்தார் நிம்மதியடைந்திருப்பார்கள். அவரோ அதே பரிசை மொத்தம் ஆறு முறை வென்றார். அவர் சேர்த்த கார்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சில்மர் பகுதியில் இப்போது மியூசியமாக இருக்கின்றன. உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

ஒரு பழைய காரைச் சரிசெய்ய அதன் விலையைப்போல நூறு மடங்குக்கு மேல் ஏன் செலவாக வேண்டும்? இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவில் ஆடம்பரக் கார்கள் எப்படி உருவாயின என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். டியூசன்பர்க் நிறுவனம் பெரும்பாலும் முழுக் காரை விற்கவில்லை, சேஸிஸை விற்றது. அடிச்சட்டம், இன்ஜின், சக்கரம், பானெட், மட்கார்டு, டாஷ்போர்டு வரை கம்பெனி தரும். மேலே ஏற வேண்டிய பாடியை, துணி எடுத்து டெய்லரிடம் கொடுப்பதுபோல, வேறொரு பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். பாசடீனாவில் மர்ஃபி, நியூயார்க்கில் ரோல்ஸ்டன், பென்சில்வேனியாவில் டெர்ஹம் என்று இதற்கென்றே பெயர் வாங்கிய பட்டறைகள் இருந்தன. அதனால் ஒரே மாடல் கார்கள் இரண்டை அருகருகே நிறுத்தினாலும், கைப்பிடியிலிருந்து கண்ணாடிச் சாய்வு வரை வேறுபடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய்க் கேட்டு வாங்குகிற சமாச்சாரமே இல்லை.

டியூசன்பர்க் மாடல் ஜே 1928 டிசம்பரில் நியூயார்க்கில் அறிமுகமானது. வரிசையாக எட்டு சிலிண்டர், கிட்டத்தட்ட 6.9 லிட்டர் இன்ஜின், சிலிண்டருக்கு நான்கு வால்வு. 265 குதிரைத்திறன் என்று கம்பெனி அறிவித்தது. சேஸிஸ் மட்டுமே 8,500 டாலர். அதே சமயத்தில் ஃபோர்டின் மாடல் ஏ காரை ஏறக்குறைய 500 டாலருக்கு வாங்கிவிடலாம். டாஷ்போர்டில் இருந்த விளக்குகள் இன்றைய கார்க்காரர்களையும் ஆச்சரியப்படுத்தும்: 700 மைல் ஓடியதும் ஆயில் மாற்றச் சொல்லி ஒன்று எரியும், 1,400 மைலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்லி இன்னொன்று எரியும். 75 மைலுக்கு ஒருமுறை வண்டி தன் அடிப்பாகத்துக்குத் தானே எண்ணெய் விட்டுக்கொள்ளும்.

வந்த நேரம்தான் சரியில்லை. பத்தே மாதத்தில், 1929 அக்டோபரில், பங்குச்சந்தை சரிந்தது. 1930 ஜனவரியில் கேடிலாக் தன் பதினாறு சிலிண்டர் காரைக் காட்டியபோது, அதை வாங்கக்கூடியவர்கள் எண்ணிக்கை சுருங்க ஆரம்பித்திருந்தது. டியூசன்பர்க் 1937இல் மூடப்பட்டது. மாடல் ஜே மொத்தமே ஏறத்தாழ 480தான் உருவானது. பஃபலோ நகரின் பியர்ஸ்-ஆரோ 1938இல் மறைந்தது. பேக்கார்டோ விலை குறைந்த கார்களில் இறங்கி இன்னும் இருபது வருடம் தாக்குப்பிடித்தது.

பிறகு வந்தது போர். 1942இல் பீரங்கிக்கும் கப்பலுக்கும் இரும்பு வேண்டுமென்று நாடெங்கும் பழைய உலோகம் திரட்டினார்கள். பெட்ரோலை ஆறாகக் குடிக்கும், டயர் கிடைக்காத பழைய லிமோசின்கள் காயலான் கடைக்குப் போயின. தப்பித்தவற்றில் சில, டயரும் பெட்ரோலும் மீண்டும் கிடைத்த காலத்தில்கூட யாரும் சீந்தாத செகண்ட் ஹேண்ட் வண்டிகளாகக் கிடந்தன. அவற்றின் அருமை தெரிந்த சிலர் 1952இல் சங்கம் கூடினார்கள். அமெரிக்க கிளாசிக் கார் கிளப் அந்த ஆண்டு தொடங்கியது. ஆபர்ன், கார்ட், டியூசன்பர்க் என்ற மூன்று கார்களுக்கான கிளப்பும் அதே ஆண்டு தோன்றியது. பழசானாலே கிளாசிக் ஆகிவிடாது, தரத்தில் உயர்ந்த கார்கள் மட்டுமே பட்டியலில் வரும் என்று கிளாசிக் கார் கிளப் அப்போதே கறாராக இருந்தது.

பெபிள் பீச் கண்காட்சி 1950இல் தொடங்கியபோது அது புத்தம்புதுக் கார்களின் அணிவகுப்பாகவே இருந்தது. 1955இல் இளம் பந்தய வீரர் ஃபில் ஹில், தன் அத்தை வைத்திருந்த 1931ஆம் ஆண்டு பியர்ஸ்-ஆரோவைச் சீராக்கிக் கொண்டுவந்து முதல் பரிசைத் தட்டிச் சென்றார். போருக்கு முந்தைய கார் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. ஹில் 1961இல் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் ஆனார். ஓய்வுக்குப் பிறகு பழைய கார் சீரமைப்புப் பட்டறையில் பங்குதாரரானார். அவருக்குப் பின்னால் நெதர்கட். நெதர்கட்டுக்குப் பின்னால் பணமும் பொறுமையும் உள்ளவர்கள் பலர்.

பரிசு என்று வந்ததும் பளபளப்பில் போட்டி தொடங்கியது. தொழிற்சாலையில் கறுப்பு அடித்து விட்ட பாகங்களுக்கெல்லாம் குரோம் பூசினார்கள். வண்டிக்கு அடியில், எவரும் குனிந்து பார்க்காத இரும்பைக்கூடக் கண்ணாடியாக்கினார்கள். ஒரு வகையில் இதுவும் போலிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1932இல் இப்படியொரு காரை முதலில் வாங்கியவர் இப்போது வந்து பார்த்தால் தன் வண்டி என்று நம்பமாட்டார்.

ஆனால் எது மிகை, எது உண்மை என்பது வண்டிக்கு வண்டி மாறும். கேடிலாக்கின் பதினாறு சிலிண்டர் இன்ஜின், பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டது. வயர்களும் குழாய்களும் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டன. கறுப்பு எனாமலும் தேய்த்து மெருகேற்றிய அலுமினியமும் மின்னின. அந்த பானெட்டைத் திறந்து மினுமினுப்பைக் குறைத்தால்தான் தவறு.

முலாமும் அப்படியே. 1920களின் பிற்பகுதி வரை கார்களுக்குப் பூசியது நிக்கல். சற்று மஞ்சள் சாயல் கொண்ட, மென்மையான ஒளி. குரோம் அதன் பிறகு வந்தது. 1925ஆம் ஆண்டு பேக்கார்டில் நீலச்சாயலோடு ஜொலிக்கும் குரோமைக் கண்டால் விவரம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். பெயின்டுக்கும் இந்தச் சரித்திரம் உண்டு. வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆன காலம் போய், 1920களின் நடுவில் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பரவியது. லாக்கரின் மினுப்புக்கு ஒரு ஆழம் உண்டு. இன்றைய பெயின்ட் எப்போதும் ஈரமாக இருப்பதுபோலப் பளிச்சிடும். காற்று மாசு விதிகளால் பல இடங்களில் லாக்கர் அடிப்பதே சிரமமாகிவிட்டது. லாக்கர் வெடிக்கும், மங்கும். ஆகவே பலர் புதிய பெயின்டை அடித்து, லாக்கர் தோற்றம் வரும்வரை தேய்க்கிறார்கள்.

சரியான நிறம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேதமில்லாத ஒரு மூலையில் பெயின்டை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் மரத்தின் வளையங்களாக அடுக்குகள் தெரியும். கடைசியில் முதல் நிறம் எட்டிப்பார்க்கும். சீட்டைப் பிரித்தால், மடிப்புக்குள் வெயில் படாத தோல் துண்டு அசல் நிறத்தோடு கிடக்கும். தகட்டைக் கழற்றினால் உள்ளே ஆஷ் என்ற மரத்தாலான எலும்புக்கூடு. அநேகமாக உளுத்துப்போயிருக்கும்; ஆனாலும் அதை எறிந்துவிடக் கூடாது. புது மரத்தை இழைக்க அதுவே அச்சு, பாடி எண்ணும் பெரும்பாலும் அந்த மரத்தில்தான் குறிக்கப்பட்டிருக்கும். பேக்கார்டில் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் ஒரு சிறு தகடு, எந்த டீலர், எந்தத் தேதியில் வண்டியை ஒப்படைத்தார் என்று சொல்லும். பழைய கேடிலாக்குக்குத் தொழிற்சாலையில் எழுதிய தயாரிப்புத் தாளின் நகலை ஜெனரல் மோட்டார்ஸ் ஆவணக்காப்பகத்திலிருந்தே வாங்கலாம்.

அடுத்த தலைவலி இன்ஜின். அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில், இன்றுபோல மாற்றிப்போடக்கூடிய பேரிங் கிடையாது. தகரம், ஆன்டிமனி, செம்பு கலந்த பாபிட் என்ற வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, கடைந்து சரிபார்க்க வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். துத்தநாக வார்ப்பில் செய்த கைப்பிடி, கார்புரேட்டர், மீட்டர் கூடு ஆகியவை அதைவிட மோசம்: துத்தநாகத்தில் துளி ஈயம் கலந்திருந்தாலும் பல ஆண்டுகளில் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்துவிடும். ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜே லெனோவின் பட்டறை 1907ஆம் ஆண்டு ஒயிட் நீராவிக் காரின் ஒரு பாகத்தை ஸ்கேன் செய்து, 3டி பிரின்டரில் அச்செடுத்து, மாற்றுப் பாகம் செய்துகொண்டது. புதுத் தொழில்நுட்பத்தில் பழைய பாகம் செய்வது அசல் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. வடிவமும் உலோகமும் சரியாக இருந்தால் ஆட்சேபம் எதற்கு?

உண்மையான சண்டை பாடியை வைத்துத்தான். 1930களிலும் 40களிலும், பணக்காரக் கிழவி ஏறிப்போன லிமோசின் பாடியோடு டியூசன்பர்க் எளிதில் விலைபோகவில்லை. பழைய கார் வியாபாரிகள் அதைக் கழற்றிவிட்டு இன்னொரு வண்டியின் ஸ்போர்ட்ஸ் பாடியை ஏற்றினார்கள். போருக்குப் பிறகு திறந்த கார்களுக்கு மவுசு கூடியதும், நல்ல மூடிய பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் திறந்த பாடி அடித்தவர்களும் உண்டு. இதனால்தான் சேஸிஸ், இன்ஜின், பாடி ஆகிய மூன்றின் எண்களும் முதலிலிருந்தே சேர்ந்து இருந்தவையா என்று ஆபர்ன்-கார்ட்-டியூசன்பர்க் கிளப்பின் நிபுணர்கள் ஆராய்ந்து சான்றிதழ் தருகிறார்கள். அன்றைய வியாபாரி செய்த மாற்றத்தையும், அரை நூற்றாண்டு கழித்து ஆசைக்குச் செய்த மாற்றத்தையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகத் தெரியவில்லை. முதலாவது அந்த வண்டியின் வாழ்க்கையிலேயே ஒரு பகுதி.

அசல் பாடி என்றால் அமெரிக்கப் பாடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1930களின் நடுவில் வாங்கிய டியூசன்பர்க், இண்டியானாவில் சேஸிஸாகப் பிறந்து, லண்டனில் ஜே. கர்னி நட்டிங் பட்டறையில் உடுப்புப் போட்டுக்கொண்டது.

வரலாறு அறுபடாத வண்டிக்கு என்ன மதிப்பு என்பதை ஏலங்கள் காட்டுகின்றன. 1935இல் குட்டையான சேஸிஸில் எஸ்எஸ்ஜே என்று இரண்டே டியூசன்பர்க் செய்தார்கள். ஒன்று நடிகர் கேரி கூப்பரிடமும், மற்றொன்று கிளார்க் கேபிளிடமும் இருந்தது. கூப்பரின் கார் 2018 ஆகஸ்டில் பெபிள் பீச் ஏலத்தில் 2.2 கோடி டாலருக்குப் போனது. ஏலத்தில் விற்ற அமெரிக்கக் கார்களில் அதுவரை இவ்வளவு விலை எதற்கும் கிடைத்ததில்லை.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. எந்தக் காரும் ஒரே ஒரு முறைதான் ஒரிஜினலாக இருக்க முடியும் என்பது இந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. பெபிள் பீச்சில் 2001 முதல், சீரமைக்கப்படாமல் பாதுகாக்கப்பட்ட போருக்கு முந்தைய கார்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்தார்கள். வெடித்த பெயின்ட், வெளுத்த தோல், எல்லாம் அப்படியே. 2024இல் அத்தகைய ஒரு கார் முதல்முறையாக ஒட்டுமொத்தப் பரிசையே வென்றது. அமெரிக்கக் கார் அல்ல, 1934ஆம் ஆண்டின் பிரெஞ்சு புகாட்டி. காட்சிப்பொருளாக மட்டும் நிற்கும் வண்டிகளுக்கும் ஒரு பரீட்சை உண்டு. கண்காட்சிக்கு முன்பு ஒரு நாள் பலர் பொதுச் சாலையில் நீண்ட தூரம் ஓட்டிப்போகிறார்கள். ஒரு பிரிவில் இரண்டு கார்கள் சமமாக மதிப்பெண் எடுத்தால், சாலையில் ஓடிக் காட்டிய காருக்கே பரிசு.

கைவேலை தெரிந்தவர்கள் குறைவதற்கு ஒரு கல்லூரி பதில் தேடுகிறது. கேன்சஸ் மாநிலத்தின் மெக்ஃபெர்சன் கல்லூரி 1976 முதல் கார் சீரமைப்பைக் கற்பித்துவருகிறது. இன்று அது நான்காண்டுப் பட்டப்படிப்பு. தகடு வளைப்பது, சீட் தைப்பது, பெயின்ட், இன்ஜின் எல்லாம் பாடம். மாணவர்கள் பல வருடம் உழைத்துச் சீரமைத்த ஒரு கார், போருக்குப் பிந்தைய 1953ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ், 2023இல் பெபிள் பீச் புல்வெளியில் போய் நின்றது. கோடீசுவரர்களின் வண்டிகளோடு போட்டியிட்டு, தன் பிரிவில் இரண்டாம் இடம் வாங்கியது.